அப்டேட் போட்டாச்சு, பழைய லைப்ரரி போச்சா?

2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, இணையத் தகவலை மறையாக்கும் லைப்ரரியான (பல புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும் கோடு கோப்பு) ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.1 முதல் 1.0.1எஃப் வரை எல்லாமே மாட்டிக்கொண்டன, 1.0.1ஜி-யில் சரிசெய்தார்கள். ஆனால் பேக்கேஜை அப்டேட் செய்துவிட்டு சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யாமல் விட்டால், ஓடிக்கொண்டிருக்கும் வெப் சர்வர் அதே ஓட்டை லைப்ரரியைத்தான் மெமரியில் வைத்திருக்கும். இன்றைய அப்டேட்டுகளுக்கும் கதை இதுதான்.

லினக்ஸில் பேக்கேஜ் மேனேஜர் பழைய கோப்பின் மேலேயே எழுதுவதில்லை. புதியதைத் தனியாக இறக்கி, பிறகு பழைய பெயருக்கு மாற்றிவிடுகிறது. பழைய கோப்புக்குப் பெயர்தான் போகிறது, ஐநோட் (டிஸ்கில் கோப்பைக் குறிக்கும் உள் பதிவு) போவதில்லை. கடைசி பிராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) அதை விடும்வரை டிஸ்கிலேயே கிடக்கும். சிலர் சிபி கட்டளையால் ஓடும் லைப்ரரியின் மேலேயே நகலெடுப்பார்கள். ஐநோட் மாறாமல் உள்ளடக்கம் மட்டும் மாறுவதால் பிராசஸ் செக்ஃபால்ட் (மெமரிப் பிழை) ஆகி விழ வாய்ப்புண்டு.

எந்தப் பிராசஸ் எதை ஏற்றியிருக்கிறது என்று பார்க்கப் பலரும் எல்டிடி கட்டளையை ஓட்டுகிறார்கள். அது, இப்போது புதிதாக ஆரம்பித்தால் எவை ஏறும் என்று மட்டும்தான் சொல்லும். ஓடும்போது டிஎல்ஓப்பன் என்ற ஃபங்ஷன் வழியாக ஏறும் பிளகின்கள் அதில் வராது. நம்பிக்கையில்லாத பைனரி மேல் எல்டிடி-யை ஓட்டவே கூடாது. சில சூழல்களில் அந்த பைனரியையே இயக்கிவிடும்.

உண்மை நிலவரம் ப்ராக் (/proc) டைரக்டரியில், அந்தப் பிராசஸ் எண்ணுக்குக் கீழே இருக்கும் மேப்ஸ் கோப்பில் இருக்கிறது. ரூட்டாகப் பாருங்கள், இல்லாவிட்டால் அடுத்தவர் பிராசஸுக்கு அனுமதி மறுக்கப்படும். வரிக்கு ஆறு பத்தி: முகவரி, அனுமதி, ஆஃப்செட், டிவைஸ், ஐநோட், பாதை. ஒரே லைப்ரரி நான்கைந்து வரிகளில் வந்தால் பயப்பட வேண்டாம். கோடு, டேட்டா என்று துண்டு துண்டாக ஏற்றுவதால் அப்படி. பாதையின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் ‘டெலிட்டட்’ என்று இருந்தால் அதுதான் பழைய சரக்கு. திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் கட்டளையில் இதே சங்கதி எஃப்டி பத்தியில் ‘டெல்’ என்று வரும், சாதாரணமாக ஏறியது ‘மெம்’ என்று வரும்.

‘டெலிட்டட்’ எல்லாமே லைப்ரரி இல்லை. மெம்எஃப்டி, சிஸ்வி ஷேர்டு மெமரி போன்ற, டிஸ்கில் கோப்பே இல்லாத மெமரிப் பகுதிகளும் அந்த அடையாளத்தோடு வரும். பெயரில் ‘.எஸ்ஓ’ இருப்பதை மட்டும் எடுத்துப் பார்த்தால் போதும். டெபியன், உபுண்டுவில் நீட்ரீஸ்டார்ட் என்ற கருவி இருந்தால் இந்த வேலையைத் தானே செய்கிறது.

அதிகம் சறுக்குவது ரீலோடில்தான். என்ஜின்எக்ஸ் வெப் சர்வரை ரீலோட் செய்தால் வொர்க்கர்கள் புதிதாக வரும், ஆனால் அவற்றைப் பெற்றெடுக்கும் மாஸ்டர் பழையதேதான். பழைய லைப்ரரியும் அப்படியே வாரிசாகப் போகும். முழு ரீஸ்டார்ட் செய்துவிடுவதே எளிய வழி. எஸ்எஸ்ஹெச் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தாலும் ஏற்கெனவே லாகின் ஆனவர்களின் செஷன் பிராசஸ்கள் பழையதோடு தொடரும். அவர்கள் வெளியேறி மீண்டும் வர வேண்டும். சர்வீஸ்களையெல்லாம் நிர்வகிக்கும் சிஸ்டம்டி-க்கு மெஷினை ரீபூட் செய்யத் தேவையில்லை, டெமான்-ரீஎக்ஸெக் கட்டளை போதும்.

கன்டெய்னருக்குள் (தன் லைப்ரரிகளோடு தனியாக அடைத்த சூழல்) ஓடும் பிராசஸ்களை ஹோஸ்டின் பேக்கேஜ் அப்டேட் தொடவே தொடாது. மேப்ஸில் ‘டெலிட்டட்’ இருக்காது, ஆனால் உள்ளே பழைய லைப்ரரி நிம்மதியாக ஓடும்; இமேஜையே மறுபடி கட்டி ஏற்ற வேண்டும். ஸ்டாட்டிக்காக, அதாவது லைப்ரரியையும் உள்ளேயே சேர்த்துக் கட்டிய கோ மொழி பைனரிகளிலோ லைப்ரரி தனிக் கோப்பாகவே இருக்காது, மேப்ஸில் தேடிப் பயனில்லை. எந்தப் பதிப்புகளால் கட்டப்பட்டது என்பதை அந்த பைனரி மேல் ‘கோ வெர்ஷன்’ கட்டளையை எம் ஆப்ஷனோடு ஓட்டினால் பார்க்கலாம்.