இரண்டாவது காலடி: முரட்டு ஆட்டத்தை நொடிக் கணக்கில் அளப்பது எப்படி?

என்டாமக்கன் சூ என்ற பெயரை எடுத்தாலே அமெரிக்கக் கால்பந்து ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணிக்காக ஆடிய 2009ஆம் ஆண்டில் அவர் எதிரணியினரைச் சாய்த்தது 85 முறை. அதில் 12 சேக், அதாவது பந்தை எறியக் காத்திருக்கும் குவாட்டர்பேக்கை எறியவிடாமல் ஆட்டம் தொடங்கிய கோட்டுக்குப் பின்னாலேயே வீழ்த்தியது. அந்த டிசம்பரில் டெக்சாஸுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் நாலரை சேக் (இருவர் சேர்ந்து வீழ்த்தினால் ஆளுக்குப் பாதி). ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பைக்கு, தற்காப்பு வீரர்கள் அபூர்வமாகவே எட்டிப்பார்க்கும் வாக்கெடுப்பில் நான்காம் இடம் பிடித்தார். 2010ல் தொழில்முறை அணிகள் புதுமுகங்களை வரிசையாகத் தேர்ந்தெடுத்தபோது டெட்ராய்ட் லயன்ஸ் அணி அவரை இரண்டாவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. முதல் பருவத்திலேயே 10 சேக், சிறந்த புதுமுகத் தற்காப்பு வீரர் விருது. அபராதச் சீட்டுகளும் அதே பருவத்தில்தான் வர ஆரம்பித்தன.

"உயிரைக் கொடுத்து ஆடுகிறார், அவருடைய பலத்துக்கு அபராதம் போடுகிறார்கள்" என்பது ஒரு கட்சி. "வேண்டுமென்றே ஆளைக் காயப்படுத்துகிறார்" என்பது மறு கட்சி. இரண்டு கட்சியும் செய்யும் தவறு ஒன்றுதான்: எல்லாச் சம்பவங்களையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தீர்ப்புச் சொல்கிறார்கள். ஒவ்வொன்றையும் தனியாக எடுத்து, அந்த நொடியில் அவருடைய உடலால் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்று கணக்குப் போட்டால் வழக்கின் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

முதலில் அவருடைய வேலை. சூ ஒரு டிஃபென்சிவ் டேக்கிள், அதாவது தற்காப்பு வரிசையின் நடுவில் நிற்பவர். உயரம் 193 செ.மீ., எடை ஏறத்தாழ 139 கிலோ. ஒரு கையைத் தரையில் ஊன்றிக் குனிந்து நிற்பார். எதிரணியின் நடுவிலிருப்பவர் பந்தைக் கால்களுக்கு இடையே பின்னால் கொடுத்ததும் பாய வேண்டும். எதிரே ஏறக்குறைய அதே எடையில் ஒருவர், பல சமயம் இருவர், வழிமறிப்பார்கள். குனிந்து பாய்வதற்குக் காரணம் இருக்கிறது. எதிராளியின் ஈர்ப்பு மையம் தொப்புள் மட்டத்தில் இருக்கிறது. அதற்குக் கீழிருந்து மேல்நோக்கித் தள்ளினால் அவருடைய எடையின் ஒரு பகுதி தரையைவிட்டு எழும். ஷூவுக்குப் பிடிமானம் குறையும். பின்னால் நகர்வதைத் தவிர அவருக்கு வழியிருக்காது. குவாட்டர்பேக் பந்தைக் கையில் வைத்திருப்பது பெரும்பாலும் இரண்டரை, மூன்று நொடிதான். அதற்குள் வழிமறிப்பவரைத் தாண்டி, பந்து எங்கே என்று பார்த்து, பாய்ந்து பிடிக்க வேண்டும்.

பிடிக்கும் கணத்தில் அவருடைய வேகம் நொடிக்கு 5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அந்த உடலுக்கு அது சாதாரண வேகம். இயக்க ஆற்றல் சுமார் 1,740 ஜூல். 100 கிலோ எடையுள்ள குவாட்டர்பேக் அசையாமல் நிற்கிறார். இருவரும் ஒட்டிக்கொண்டு நகர்ந்தால், உந்த அழிவின்மை விதிப்படி சேர்ந்த வேகம் நொடிக்கு 2.9 மீட்டர். நின்றவர் பத்தில் ஒரு நொடியில் அந்த வேகத்துக்கு வந்தால் அவர்மீது விழும் சராசரி விசை 2,900 நியூட்டன், அதாவது 300 கிலோ எடைக்குச் சமம். மோதலில் 700 ஜூலுக்கு மேல் தோள் கவசத்தையும் தசையையும் நசுக்குவதில் செலவாகும். இதில் விதிமீறல் எதுவும் இல்லை. இதுதான் ஆட்டம். சூ மோதிய சத்தம் கேட்டே கோபப்படுகிறவர்கள் உண்மையில் நிறைப் பெருக்கல் வேகத்தின் மேல்தான் கோபப்படுகிறார்கள்.

கேள்வி எழுவது பந்து கையைவிட்டுப் போன பிறகு. இந்தத் தொழில்முறை அணிகள் ஆடும் தேசிய கால்பந்து லீக்கின் விதி இதற்கு ஒரு எல்லை வைத்திருக்கிறது. பந்து கையைவிட்டு விலகிய பிறகு பாய்கிறவர் ஒரு காலடி வைக்கும்வரை மோதலாம். இரண்டாவது காலடி தரையைத் தொட்டுவிட்டால் மோதக் கூடாது. மீறினால் 15 கஜத் தண்டனை, கூடவே எதிரணிக்குப் பந்தை முன்னேற்றப் புதிதாக நான்கு முயற்சிகள்.

ஒரு காலடி என்பது ஏதோ மனம்போன அளவு போலத் தோன்றும். ஆனால் ஓடுகிற மனிதர் நொடிக்கு மூன்று நான்கு காலடிகள் வைக்கிறார். ஒரு காலடிக்கு ஆகும் நேரம் கால் நொடியிலிருந்து மூன்றில் ஒரு நொடி. கண்ணால் ஒன்றைப் பார்த்து, தொடங்கிவிட்ட அசைவை நிறுத்தும்படி மூளை கட்டளையிட்டு, தசை அதற்குக் கட்டுப்பட ஆகும் நேரமும் ஐந்தில் ஒரு நொடியிலிருந்து கால் நொடி. இந்த விதி ஆய்வகத்தில் பிறக்கவில்லைதான். ஆனாலும் நரம்பு மண்டலத்தின் எல்லைக்கு அருகில்தான் கோடு போட்டிருக்கிறது.

ஐந்தில் ஒரு நொடி என்றே கொண்டாலும், அதற்குள் உடல் நின்றுவிடுமா என்றால், இல்லை. மூளை அறிவதற்குள் 1 மீட்டர் கடந்திருக்கும். பிறகு 139 கிலோ உடலைப் புல்தரையில் நிறுத்த வேண்டும். வேகம் நொடிக்கு நொடி 5 மீட்டர் வீதம் குறைகிறது என்று கொண்டால் இன்னும் இரண்டரை மீட்டர் வேண்டும். ஆக மொத்தம் மூன்றரை மீட்டர். பந்து போகும்போது சூ அதைவிட நெருக்கத்தில் இருந்தால் மோதல் நடந்தே தீரும். ஆனால் அது எப்படிப்பட்ட மோதல் என்பது அவர் கையில்தான் இருக்கிறது. 2 மீட்டர் தூரத்தில் இருந்தவர், பந்து போனதைப் பார்த்ததும் முயன்றால் வேகத்தை நொடிக்கு 3.9 மீட்டராகக் குறைத்துவிடலாம். ஆற்றலில் 40 சதவீதம் போய்விடும். கையை மடக்கலாம், தோளைத் திருப்பலாம், எதிராளியை அணைத்துப் பிடித்து நிற்க வைக்கலாம். நல்ல நடுவர் 'மோதினாரா?' என்று பார்ப்பதில்லை, 'தணிக்க முயன்றாரா?' என்றுதான் பார்க்கிறார்.

2011 ஆகஸ்டில், பருவத்துக்கு முந்தைய ஆட்டம் ஒன்றில், சின்சினாட்டியின் புதுமுகம் ஆண்டி டால்டன் பந்தை எறிந்த பிறகு சூ அவரைப் பிடித்துத் தரையில் வீசினார். தலைக்கவசம் கழன்று விழுந்தது. 20,000 டாலர் அபராதம். பிடித்தது அனிச்சையாக இருக்கலாம். ஆனால் வீசுவதற்கு இடுப்பைத் திருப்ப வேண்டும், காலை ஊன்ற வேண்டும். அது பாய்ச்சலின் மிச்சம் அல்ல, புதிதாகத் தொடங்கிய ஓர் அசைவு.

தரையில் வீசுவது ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? மோதலைப் போலவே விழுதலும் தலைக்கு ஆபத்து. ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தலை விழுந்தால் தரையைத் தொடும்போது வேகம் நொடிக்கு 5.4 மீட்டர். தலைக்கவசத்தின் உள்மெத்தை 3 செ.மீ. அமுங்கி அதை நிறுத்தினால் தலையின் வேகம் குறையும் வீதம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 50 மடங்கு, 2 செ.மீ. மட்டுமே அமுங்கினால் 75 மடங்கு. தன்னால் விழுகிறவர் முகவாயை நெஞ்சோடு சேர்த்து, கழுத்தை இறுக்கி, உருண்டு விழுவார். வீசப்படுகிறவருக்கு அதற்கு நேரமில்லை. கைகளும் பெரும்பாலும் சிறைப்பட்டிருக்கும். தலைக்கவசம் மண்டையோட்டை உடையாமல் காக்கிறது. உள்ளே திரவத்தில் மிதக்கும் ஒன்றேகால், ஒன்றரைக் கிலோ மூளை ஆடுவதை அதனால் முழுவதும் தடுக்க முடியாது. குறிப்பாகத் தலை சுழலும்போது மூளையின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நரம்பிழைகள் இழுபடுகின்றன.

மேலே விழும் உடலின் கணக்கு வேறு. 139 கிலோ எடை 90 செ.மீ. இறங்கினால் 1,200 ஜூலுக்கு மேல். அடியில் இருப்பவரின் விலா எலும்பும் காறை எலும்பும்தான் அதை வாங்கிக்கொள்ள வேண்டும். விழும்போதே பக்கவாட்டில் உருண்டாலோ முழங்கையை ஊன்றினாலோ பெரும்பகுதி தரைக்குப் போய்விடும். 2017 அக்டோபரில் மினசோட்டா வீரர் ஒருவர் சாய்த்தபோது கிரீன் பே குவாட்டர்பேக் ஆரன் ராஜர்ஸின் வலது காறை எலும்பு முறிந்தது. முழு எடையோடு மேலே விழக் கூடாது என்ற விதியை லீக் 2018ல் கறாராக்கியது.

சூவின் முதல் அபராதம் 2010 ஆகஸ்டில், கிளீவ்லாண்டின் ஜேக் டெலோமைச் சாய்த்ததற்காக: 7,500 டாலர். தலைக்கவசத்தின் முகக் கம்பியைப் பற்றித் தலையைத் திருப்பித் தரையில் தள்ளினார். முகக் கம்பி ஒரு நெம்புகோல். கழுத்தின் சுழல் அச்சிலிருந்து ஏறத்தாழ 20 செ.மீ. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே 200 நியூட்டன் விசையில், அதாவது 20 கிலோ எடையைத் தூக்கும் அளவில், பக்கவாட்டில் இழுத்தால் கழுத்தின்மீது 40 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை விழும். அந்த உடலுக்கு 200 நியூட்டன் ஒன்றுமேயில்லை. விரல் தற்செயலாகக் கம்பியில் சிக்கலாம். சிக்கியது தெரிந்ததும் விட்டுவிடுவதுதான் பயிற்சி.

அதே ஆண்டு டிசம்பர் 5. சிகாகோவின் ஜே கட்லர் பந்தோடு ஓடுகிறார். பின்னால் துரத்திய சூ அவரைப் பிடிக்காமல் முதுகின் மேற்பகுதியில் தள்ளிவிட்டார். 15 கஜத் தண்டனை, 15,000 டாலர் அபராதம். இந்த ஒன்றில் ரசிகர்களின் முதல் கட்சிக்கு நியாயம் இருக்கிறது. ஓடுகிறவருக்கு எந்நேரமும் ஒரு கால்தான் தரையில், சில கணங்களில் அதுவும் இல்லை. ஈர்ப்பு மையத்துக்கு ஒரு முழம் மேலே தள்ளினால் உடல் முன்னால் கவிழும். சிறிய விசைகூட அங்கே பெரிய வீழ்ச்சியாகத் தெரியும். பந்து அப்போதும் கட்லரின் கையில் இருந்தது, ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. பார்வைக்குக் கொடூரமாக இருந்ததே தவிர, அதில் பெரிய குற்றம் இல்லை.

பார்வை என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ரசிகர்கள் இந்தக் காட்சிகளைத் திரும்பத் திரும்ப மெதுவாக ஓட்டிப் பார்க்கிறார்கள். 2016ல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் இதைச் சோதித்தார்கள். ஒரு கொலைக் காட்சியையும் கால்பந்து மோதல்களையும் சிலருக்கு உண்மை வேகத்திலும் சிலருக்கு மெதுவாகவும் காட்டினார்கள். மெதுவாகப் பார்த்தவர்கள், செய்தவருக்கு யோசிக்க நேரம் இருந்தது, வேண்டுமென்றே செய்தார் என்று அதிகமாக நம்பினார்கள். இரண்டு வேகத்தையும் சேர்த்துக் காட்டியபோது இந்தச் சாய்வு குறைந்தது, முற்றாகப் போகவில்லை. கால் நொடி திரையில் இரண்டு நொடியாக நீளும்போது, அந்த இரண்டு நொடியையும் நாம் வீரரின் கணக்கில் எழுதிவிடுகிறோம். மோதிய இடம், கையின் நிலை, கால் விழுந்த புள்ளி இவற்றுக்கு மெதுவான காட்சி உதவும். நோக்கத்தைத் தீர்மானிக்க உண்மை வேகம்தான் வேண்டும்.

2011 நவம்பர் 24, நன்றியறிதல் நாள் ஆட்டம். இதை எந்த வேகத்தில் ஓட்டினாலும் முடிவு மாறாது. ஆட்டம் நின்ற பிறகு சூ, கிரீன் பே வீரர் எவன் டீட்ரிக்-ஸ்மித்தின் தலையைத் தரையில் அழுத்தி, எழுந்து, அவர் வலது கையின்மீது மிதித்தார். நடுவர் வெளியேற்றினார், லீக் சம்பளமில்லாமல் இரண்டு ஆட்டம் தடை விதித்தது. நிலைதடுமாறாமல் இருக்கத்தான் முயன்றேன் என்று அன்றைக்குச் சொன்னார். மறுநாள் மன்னிப்புக் கேட்டார். தடுமாறுகிறவரின் கால் எப்படிப் போகும் என்பது தெரிந்த விஷயம். தரையை ஒட்டித் தாழ்வாக, விழப்போகும் திசையை நோக்கி, வேகமாகப் போகும். ஊன்றியதும் முழங்கால் மடங்கும். மிதிக்கும் காலுக்கு முதலில் முழங்கால் மேலே எழும், பிறகு பாதம் நேர் கீழே இறங்கும், உடலின் எடை மற்றக் காலின்மேல் நிலையாக இருக்கும். காட்சியில் தெரிவது இரண்டாவது. 139 கிலோ எடை மூன்று ஷூ முட்கள் வழியாக, முள்ளுக்கு ஒரு சதுர செ.மீ. வீதம் இறங்கினால், வெறும் பாதம் அழுத்துவதைப் போல 50 மடங்கு அழுத்தம்.

கடைசியாக 2014 டிசம்பர் 28, கிரீன் பேயில். ஆட்டம் நின்றபின், தரையில் கிடந்த ஆரன் ராஜர்ஸுக்கு முதுகைக் காட்டியபடி பின்னால் நகர்ந்த சூ அவர் காலின்மேல் ஒரு பாதத்தை வைத்தார். பிறகு அடுத்த பாதத்தை. குளிரில் பாதம் மரத்துப்போய், தரைக்கும் காலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்பது அவர் தரப்பு. இதைச் சிரித்து ஒதுக்க முடியாது. குளிரக் குளிர நரம்புச் செய்தியின் வேகம் குறையும். உள்ளங்காலின் தொடு உணர்வும் மங்கும். முதல் காலடியை அப்படி விளக்கலாம்.

இரண்டாவதை விளக்குவது கடினம். கணுக்கால் எந்தக் கோணத்தில் வளைகிறது என்பதை மூளைக்குச் சொல்வது உள்ளங்கால் தோல் மட்டும் அல்ல. கெண்டைக்காலின் தசைக்குள் இருக்கும் உணரிகளும்தான். அவை ஆழத்தில், ஓடிக்கொண்டிருக்கும் சூடான தசைக்குள் இருக்கின்றன. உருண்டையாக, மெத்தென்று, அசையும் ஒன்றின்மேல் கால் பட்டால் பத்தில் ஒரு நொடிக்குள் தசை அதற்கேற்பத் தன்னைச் சரிசெய்யத் தொடங்கும். நடைவேகத்தில் அடுத்த காலடிக்கு அரை நொடி இருக்கிறது.

லீக் முதலில் ஒரு ஆட்டம் தடை விதித்தது. மேல்முறையீட்டில் அது 70,000 டாலர் அபராதமாக மாறியது. 2015 ஜனவரி 4 அன்று டாலஸில் சூ களமிறங்கி, எதிரணிக் குவாட்டர்பேக் டோனி ரோமோவை இரண்டு முறை சாய்த்தார். லயன்ஸ் 24-20 என்று தோற்றது. அந்த அணிக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டம் அதுதான்.