சிபிலிஸ்: கண்ணில் வந்தால் அது புண்ணா?

சிபிலிஸ் என்னும் பால்வினை நோய் கண்ணில் வந்தால் அதைத் தமிழில் என்னவென்று எழுதுவது? திருநெல்வேலி டவுன் நாட்டு மருந்துக் கடைகளில் பறங்கிப்பட்டை கேட்டால் உடனே எடுத்துத் தருவார்கள். பட்டை என்று பெயர்தான், கைக்கு வருவது கட்டை போன்ற ஒரு கிழங்கு. சித்த மருத்துவர்கள் மேகப்புண்ணுக்கு, அதாவது சிபிலிஸுக்கு, காலங்காலமாகக் கொடுத்த மருந்து. அந்தப் புண்ணுக்கும் பறங்கிப்புண் என்றே பெயர். போர்த்துகீசியர் முத்துக்குளித்துறையில் கால் வைத்த 16ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரன் எல்லாம் நமக்குப் பறங்கிதான். பழியை அடுத்தவன் தலையில் போடுவதில் யாரும் சளைத்தவர்கள் இல்லை. இத்தாலியர் இதைப் பிரெஞ்சு நோய் என்றார்கள், பிரெஞ்சுக்காரர் நேப்பிள்ஸ் நோய் என்றார்கள்.

‘சிபிலிஸ்’ என்ற பெயர் வந்தது கவிதையிலிருந்து. வெரோனா நகர மருத்துவர் பிரகாஸ்தோரோ 1530இல் லத்தீனில் எழுதிய நெடும்பாடலில் சூரிய தேவனைப் பகைத்துக்கொண்டு இந்நோய்க்கு ஆளாகும் ஆடு மேய்ப்பவன் பெயர் சிபிலஸ். கிருமியை 1905இல்தான் ஜெர்மனியில் ஷாவுதினும் ஹோப்மனும் கண்டார்கள். அதற்கு இட்ட பெயர் ‘ட்ரெபோனிமா பாலிடம்’. முறுக்கிய நூல், வெளிறியது என்று பொருள். தமிழில் ‘வெளிர் சுருளுயிரி’ என்றால் கச்சிதமாக அமைகிறது.

நோய்க்குத் தமிழ்ப் பெயர் சொல்வதில்தான் சிக்கல். மேகநோய் எனலாமா? சித்த மருத்துவத்தில் மேகம் இருபது வகை, நீரிழிவும் அதற்குள் அடக்கம். கிரந்தி என்றால் நம் ஊரில் பச்சைப்பிள்ளைக்கு வரும் தடிப்பையும் சொல்வார்கள். கொறுக்கு, மேகப்புண், பறங்கிப்புண் எல்லாமே தோலில் தெரிவதை வைத்து வந்தவை. கண்ணுக்குள் வரும்போது புண்ணே வெளியே தெரியாது. கண் சிவக்கும், வலிக்கும், பார்வை மங்கும். விழியின் நடுப்படலமோ விழித்திரையோ பார்வை நரம்போ வீங்கியிருக்கும். அதனால் ‘கண் சிபிலிஸ்’ என்றே எழுதுவது என் கட்சி.

கண்ணில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க, கருவிழிக்குப் பின்னால் உள்ள நீரை மெல்லிய ஊசியால் ஓரிரு சொட்டு எடுத்து, கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனை செய்யலாம். பெரும்பாலும் இரத்தப் பரிசோதனையும் கண்ணின் நிலையும் சேர்ந்தே முடிவைச் சொல்லிவிடும். 1960களில் அமெரிக்காவில் பெனிசிலின் போட்டு முடித்தவர்களின் கண்ணுக்குள் உள்ள நீரிலும் சுருள் உருவங்கள் தெரிந்ததாக எழுதினார்கள். பெரிய சண்டையே நடந்தது. அது இந்தக் கிருமிதானா, வேறு சுருளியா, உயிரோடு இருக்கிறதா, செத்த உடலா? உயிருண்டு என்று காட்ட அந்த நீரை முயலுக்குச் செலுத்தி, அதற்கு நோய் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அன்று சோதனைக்கூடத்தில் இதை வளர்க்க வழியில்லை.

மருந்துக்குப் பிறகும் கிருமி கண்ணில் பிழைத்திருக்குமோ என்ற சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. இரத்தத்திலிருந்து கண்ணுக்குள் மருந்து எளிதில் நுழையாது. இந்தக் கிருமி ஒன்று இரண்டாக 30 மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும், பெனிசிலினோ பெருகும் கிருமியைத்தான் கொல்லும். அதனால்தான் ஆரம்ப நிலை நோய்க்கு இடுப்பில் 24 இலட்சம் யூனிட் ஊசி ஒன்று போதும் என்றால், கண்ணுக்கு இரத்தக்குழாய் வழியாக நாளொன்றுக்கு 180 முதல் 240 இலட்சம் யூனிட், 10 முதல் 14 நாள்.

அப்புறம் ஒன்று. சிபிலிஸுக்காகக் கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் வி.டி.ஆர்.எல். இரத்தப் பரிசோதனையின் அளவு சிகிச்சைக்குப் பின் இறங்கும். டி.பி.எச்.ஏ. என்ற இன்னொரு இரத்தப் பரிசோதனை மட்டும் பெரும்பாலோருக்கு ஆயுள் முழுதும் பாசிட்டிவ் என்றே வரும். கிருமி போன பின்னும் இரத்தத்தில் நிற்கும் எதிர்ப்பொருள் அது. அந்தத் தாளை வைத்துக்கொண்டு ‘இன்னும் போகலையே’ என்று மறுபடி ஊசிக்கு அலைய வேண்டியதில்லை.