படத்தில் சிவப்பு, கண்ணுக்குச் சாம்பல்: ஓரியன் நெபுலாவைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

மார்கழி, தை மாதங்களில் பள்ளிகளில் வான்நோக்கு நிகழ்ச்சி நடத்துவேன். தொலைநோக்கியில் ஓரியன் நெபுலாவை, அதாவது விண்வெளியில் இருக்கும் ஒரு வாயு, தூசி மேகத்தை, காட்டினால் வரிசையில் பாதிப் பேர் கேட்பது ஒன்றுதான்: “படத்துல சிவப்பா, ஊதாவா இருந்துச்சே சார், இங்க வெறும் புகைதானே தெரியுது?” சிலர் ஏமாந்த முகத்தோடு நகர்ந்துவிடுகிறார்கள். இன்னும் சிலர், அப்படியானால் படங்களெல்லாம் பொய் என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். இரண்டுமே எனக்கு வருத்தம் தருகிறது.

முதலில் அது எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். தை மாதத்தில் இருட்டியதும் கிழக்கே பாருங்கள். ஒரே வரிசையில் மூன்று நட்சத்திரங்கள் தெரியும். அதற்கு இடப்பக்கம் சிவந்து நிற்பது திருவாதிரை. வலப்பக்கம் மங்கலாக இன்னொரு சின்ன வரிசை இருக்கும், அதன் நடுவில் பஞ்சு ஒட்டியதுபோல் கலங்கித் தெரிவதுதான் நெபுலா. தூரம் சுமார் 1,350 ஒளியாண்டுகள். பல்லவர் காஞ்சியில் ஆண்டபோது புறப்பட்ட ஒளி இன்று உங்கள் கண்ணுக்கு வருகிறது.

அங்கே வாயுவும் தூசியும் தன் ஈர்ப்பாலேயே சுருங்கி நட்சத்திரங்களாகின்றன. அப்படிப் பிறந்தவற்றில் நான்கு நடுவில் நெருக்கமாக நிற்கின்றன. அவற்றில் மிகச் சூடானதன் மேற்பரப்பு வெப்பம் ஏறக்குறைய 40,000 டிகிரி. அதிலிருந்து வரும் புற ஊதாக்கதிர் ஹைட்ரஜன் அணுக்களின் எலக்ட்ரானைப் பிய்த்துவிடுகிறது. எலக்ட்ரான் திரும்பவும் அணுவோடு சேரும்போது சிவப்பு ஒளி வருகிறது. கடைப் பலகையின் நியான் குழாயில் மின்சாரம் செய்கிற வேலையை இங்கே புற ஊதாக்கதிர் செய்கிறது.

பச்சை ஒளியும் உண்டு. அதன் கதை எனக்கு மிகப் பிடிக்கும். 1864-ல் ஆங்கிலேய வானியலாளர் வில்லியம் ஹக்கின்ஸ் ஒரு நெபுலாவின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்தபோது, பூமியில் தெரிந்த எந்தத் தனிமத்தோடும் பொருந்தாத பச்சைக் கோடுகள் தென்பட்டன. புதுத் தனிமம் என்று நினைத்து ‘நெபுலியம்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். 1927-ல்தான் அமெரிக்க இயற்பியலாளர் ஐரா போவன் விடை சொன்னார்: அது இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன். நம் ஆய்வகங்களில் அணுக்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டே இருப்பதால் அந்த ஒளி வெளிவர அவகாசமே கிடைப்பதில்லை. நெபுலாவில் வாயு மிக மெலிது, மோதல் அரிது, அதனால் அங்கே அந்த ஒளி வெளிவருகிறது.

சரி, இந்த நிறங்கள் நமக்கு ஏன் தெரிவதில்லை? இருட்டில் வேலை செய்யும் கண் செல்களுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது, சிவப்பு அவற்றுக்கு ஏறக்குறைய எட்டாது. கேமரா நிமிடக்கணக்கில் ஒளியைச் சேர்த்து வைக்கும், கண்ணால் அது முடியாது. ஆகவே படம் பொய்யல்ல. ஆனால் எல்லாப் படமும் இயல்பான நிறத்தில் இருப்பதில்லை. ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி 1995-ல் எடுத்த, கழுகு நெபுலாவின் தூண் போன்ற வாயுத் திரள்களின் படத்தில் ஹைட்ரஜனுக்குப் பச்சை நிறம் கொடுத்திருக்கிறார்கள். எந்த வாயு எங்கே இருக்கிறது என்று பிரித்துக் காட்டத்தான் அது.

பார்க்க வருகிறவர்களிடம் நான் கேட்பது கொஞ்சம்தான். நிலா இல்லாத நாளில் வாருங்கள். இருட்டில் இருபது நிமிடமாவது நில்லுங்கள். அதற்குள் ஒருமுறை செல்போனைப் பார்த்தாலும் கண் பழகியது வீணாகிவிடும். நெபுலாவை நேராக முறைக்காமல் சற்றே ஓரமாகப் பாருங்கள், இன்னும் விரிந்து தெரியும். அப்புறம், மைதானத்து ஃபோகஸ் விளக்கை அணைக்கச் சொல்லுங்கள். மேல்நோக்கி ஒளியைச் சிந்தும் விளக்கால் யாருக்கும் பயனில்லை. தொலைநோக்கி வாங்குகிறவர்கள் பெட்டியில் போட்டிருக்கும் ‘500 மடங்கு பெரிதாகக் காட்டும்’ என்ற எண்ணை நம்பவேண்டாம். நல்ல பைனாகுலரே போதும்.

ஒரு கிராமப் பள்ளியில் நிகழ்ச்சியின் நடுவே மின்சாரம் போனது. ஆசிரியர்கள் பதறினார்கள், நான் யாரையும் டார்ச் அடிக்க விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, முதல் முறை “புகைதான்” என்று சொல்லிப் போன ஏழாம் வகுப்புப் பெண் மறுபடி வரிசையில் வந்து கண்ணை வைத்தாள். வெகுநேரம் நகரவே இல்லை. “சார், புகைக்குள்ள நாலு நட்சத்திரம் இருக்கு.”