காயிலைப் பார்த்தது போதும், லீடையும் பாருங்கள்

டர்பனில் டிரான்ஸ்பார்மர் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை பார்க்கிறேன். எரிந்துபோன டிரான்ஸ்பார்மரை லாரியில் கொண்டுவந்து இறக்குகிறவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "காயில் போச்சா?" மூடியைக் கழற்றிப் பார்த்தால் சில நேரம் காயில், அதாவது உள்ளே இருக்கும் கம்பிச் சுருள், நன்றாகவே இருக்கும். காயிலிலிருந்து கிளம்பி மேலே புஷ்ஷிங்குக்கு (மின்சாரம் தொட்டிக்கு உள்ளேயும் வெளியேயும் போகும் காப்பிட்ட வாய்க்கு) போகிற செம்புக் கம்பி நடுவில் வெந்திருக்கும், சுற்றியிருந்த காகிதம் கரியாகியிருக்கும், எதிரே தொட்டிச் சுவரில் உருகிய தடம் ஒன்று தெரியும். அந்தக் கம்பிக்குத்தான் லீட் என்று பெயர். டிரான்ஸ்பார்மர் வாங்கும்போதும் சரி, பழுதுபார்க்கக் கொடுக்கும்போதும் சரி, அதைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை.

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கம் சிறு தொழிற்சாலையோ குளிர்பதனக் கிடங்கோ வைத்திருக்கும் நம்மவர்களில் சிலரிடம் சொந்த டிரான்ஸ்பார்மர் இருக்கிறது. 11 கே.வி.யில் (11,000 வோல்ட்டில்) வாங்கி 400 வோல்ட்டாக இறக்கிக்கொள்கிறார்கள். அவர்களுக்காகவும், மின் பராமரிப்பு வேலையில் இருக்கும் தம்பிகளுக்காகவும் இதை எழுதுகிறேன்.

காயிலைச் சுற்றுவதற்கு இயந்திரம் உண்டு, வரைபடம் உண்டு, ஒவ்வொரு சுற்றையும் எண்ணுகிற கருவியும் உண்டு. லீடுக்கு அதெல்லாம் கிடையாது. காயிலையும் கோர் என்ற இரும்பு உள்ளகத்தையும் சேர்த்த பிறகு, டேப் சேஞ்சருக்கும் (மின்னழுத்த அளவை மாற்றும் சுவிட்சுக்கும்) புஷ்ஷிங்குக்கும் இணைப்பு கொடுக்கும் கட்டத்தில், ஒருவர் குனிந்து நின்று கையால் காகிதம் சுற்றுகிறார். அவசர வேலையாக இருந்தால் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல்தான் அந்தச் சுற்று நடக்கும். பிழை நுழைய அதைவிடத் தோதான நேரம் வேறு இல்லை.

லீடின் மேல் காகிதம் எதற்கு? மின்சாரம் வெளியே பாயாமல் தடுக்க என்பார்கள். தப்பில்லை, ஆனால் அது பாதிதான். உயர் மின்னழுத்தம் ஏறிய கம்பியைச் சுற்றி மின்புலம் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருக்காது. கம்பியின் மேற்பரப்பை ஒட்டித்தான் அது மிகக் கடுமை, விலக விலகத் தணியும். கம்பி மெலிந்தால் கடுமை கூடும், கூர்முனை இருந்தால் கேட்கவே வேண்டாம். தொட்டியில் நிரம்பியிருக்கும் எண்ணெய் அந்தக் கடுமையைத் தாங்காது. அதனால் காகிதம் அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு, எண்ணெயைப் புலம் தணிந்த தூரத்துக்குத் தள்ளிவைக்கிறது. இன்னொரு வேலையும் அது செய்கிறது. எண்ணெயில் மிதக்கும் நார்த் துணுக்குகள் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, மின்புலம் இழுக்கும் பக்கம் போய் வரிசை கட்டி, கம்பிக்கும் தொட்டிக்கும் நடுவே பாலம் போடும். வெறும் செம்பாக இருந்தால் பாலம் நேரே போய் ஒட்டிவிடும். மேலே மெல்லிய காகிதம் இருந்தால்கூட அந்தப் பாலம் முழுமையடையாது.

காற்றுக் குமிழிதான் இதில் பெரிய வில்லன். எண்ணெயின் விடுதிறன் (பெர்மிட்டிவிட்டி என்கிற அளவு) 2.2, எண்ணெயில் ஊறிய காகிதத்துக்கு 4-ஐ ஒட்டி, காற்றுக்கு 1. எண் குறையக் குறைய அந்த இடத்தின் மேல் விழும் மின்னழுத்தம் கூடும். ஆக, காகித மடிப்புக்குள் மாட்டிக்கொண்ட தட்டையான குமிழியின் மேல், அதை ஒட்டியுள்ள காகிதத்தைப்போல நான்கு மடங்கு மின்னழுத்தம் விழலாம். தாங்கும் சக்தி மிகக் குறைந்த பொருளின் தலையில் மிகப் பெரிய சுமை. குமிழிக்குள் சின்னச் சின்னப் பொறிகள் தட்டத் தொடங்கும். வெளியே ஒன்றும் தெரியாது. மாதக் கணக்கில், சில நேரம் ஆண்டுக் கணக்கில், காகிதத்தை உள்ளிருந்து அரித்துக்கொண்டே இருக்கும்.

சரி, நல்ல சுற்று எப்படி இருக்கும்? எங்கள் பட்டறையில் லீட் சுற்றுபவர் ஒரு சூலுப் பெண்மணி. அவர் கையில் இருப்பது கிரேப் பேப்பர், அதாவது இழுத்தால் நீளும் சுருக்கக் காகிதம். சாதாரணக் கிராஃப்ட் பேப்பர் வளைவில் மடங்கி வாய் பிளக்கும். கிரேப் பேப்பர் உள்வளைவில் சுருங்கி, வெளிவளைவில் விரிந்து, கம்பியோடு படிந்துவிடும். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூடும். அப்படி ஒரு தடவை போய் முடிந்தால் இரண்டு அடுக்கு ஏறியிருக்கும். அடுத்த தடவை போகும்போது ஓரத்தின் மேல் ஓரம் விழாமல் சற்றுத் தள்ளி ஆரம்பிப்பார். ரொம்ப இழுத்தால் சுருக்கமெல்லாம் போய்க் காகிதம் மெலிந்துவிடும், தளர்த்தினால் இடைவெளி விழும். அவர் கட்டைவிரல் அழுத்தத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் புரியும், எழுதிச் சொல்ல வராது.

இணைப்பு வரும் இடத்தில்தான் உண்மையான சோதனை. அங்கே பழைய காகிதத்தை வெட்டி விலக்கித்தான் பிரேசிங் (உலோகக் கம்பியை உருக்கிப் பற்றவைப்பது) செய்ய வேண்டும். வெட்டிய இடம் படிக்கட்டு மாதிரி செங்குத்தாக நிற்கக் கூடாது, பென்சில் சீவியதுபோல நீண்ட சரிவாக இருக்க வேண்டும். காகிதத்தைக் குறுக்கே துளைத்துப் போவது மின்சாரத்துக்குக் கஷ்டம், இரண்டு காகிதங்கள் சேரும் பரப்பு வழியாக ஊர்ந்து போவது சுலபம். புதுக் காகிதமும் பழையதும் செங்குத்தாக முட்டி நின்றால், செம்பிலிருந்து வெளியே வர ஒரு குறுக்குவழியை நாமே திறந்துவிட்டதாக ஆகும். சரிவு நீளமாக இருந்தால் அந்த வழியும் நீளும். எவ்வளவு நீளம் என்பது மின்னழுத்தத்தைப் பொறுத்தது. 11 கே.வி. லீடுக்குப் போதுமானது 132 கே.வி.க்குக் கிட்டவே வராது.

பிரேசிங் செய்பவர் சாட்ஸ்வொர்த்துக்காரர், எல்லோருக்கும் அண்ணன். செம்போடு செம்பு சேர்க்கும்போது பாஸ்பரஸ் கலந்த கம்பியைத்தான் எடுப்பார், அதற்குத் தனியாக ஃபிளக்ஸ் (பற்றவைக்க உதவும் பூச்சு) பூச வேண்டாம். ஃபிளக்ஸ் பூசி, அது எண்ணெயில் தங்கிவிட்டால் அரிப்பு. பக்கத்துக் காகிதம் கருகாமலிருக்க ஈரத்துணி சுற்றுவார், காயிலின் மேல் ஒரு துணியை விரிக்காமல் அரத்தைத் தொடவே மாட்டார். இணைப்பில் ஊசிமுனைபோல நீட்டிக்கொண்டிருக்கும் உலோகத்தை அராவித்தான் ஆக வேண்டும், ஆனால் அந்தச் செம்புத்தூள் காயிலுக்குள் விழுந்தால் கதை முடிந்தது. "விரலால் தடவிப் பார், உன் தோலில் எது உறுத்துகிறதோ அதுதான் நாளைக்குப் பொறி" என்று புதுப் பையன்களிடம் சொல்வார். உயர்ந்த மின்னழுத்தத்தில் இணைப்பின் மேடுபள்ளத்தை உலோகம் பூசிய கிரேப் பேப்பரால் மூடி உருட்டி, அதற்கு மேல் காப்புக் காகிதம் ஏற்றுவோம்.

வேறு இடத்தில் பழுதுபார்த்து, திரும்பவும் கெட்டு எங்களிடம் வரும் டிரான்ஸ்பார்மர்களில் நான் கண்டவற்றுள் எனக்கு எரிச்சல் ஊட்டுவது பிவிசி டேப். வீட்டு வயரிங்குக்குச் சுற்றும் அதே கறுப்பு டேப். சூடான எண்ணெயில் அதன் பசை கரையும், பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்த்த பொருள் எண்ணெயில் கசியும், டேப் கழன்று தொங்கும். எண்ணெயும் கெட்டது, காப்பும் போனது. காகிதத்தின் மேல் கட்டு போட வேண்டுமென்றால் பருத்தி நாடா இருக்கிறது. விலை ஒன்றும் பெரிதில்லை.

கனமாகச் சுற்றினால் நல்லதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. காகிதம் வெப்பத்தையும் சேர்த்துத்தான் தடுக்கும். கனம் கூடினால் கம்பியின் குறுக்களவையும் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் லீட் உள்ளுக்குள்ளேயே வேகும். செல்லுலோசுக் காகிதத்தின் வெப்பநிலை 6 பாகை செல்சியஸ் கூடினால் அது மூப்படையும் வேகம் இரட்டிக்கும் என்பது எங்கள் துறையில் பழகிய கணக்கு.

அப்புறம் ஈரம். டர்பனில் நவம்பர் முதல் மார்ச் வரை காற்று எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அந்தக் காற்றில் திறந்து வைத்த காகிதம் தன் எடையில் 6 முதல் 8 சதவீதம் வரை தண்ணீரைக் குடித்துவிடும். தொட்டிக்குள் போகும்போது அது அரை சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். அதற்குத்தான் ஓவன், வேக்குவம் எல்லாம். டிரான்ஸ்பார்மரில் உள்ள மொத்த ஈரத்தில் மிகப் பெரும் பங்கு காகிதத்தில்தான் இருக்கும், எண்ணெயில் மிகக் கொஞ்சம். எண்ணெயை மட்டும் வடிகட்டிவிட்டு "காய வைத்தாயிற்று" என்று சொல்பவரை நம்பாதீர்கள். காய்ந்ததும் காகிதமும் பிரஸ்போர்டு என்ற கெட்டி அட்டையும் சுருங்கும், ஆகவே லீடைப் பிடித்திருக்கும் கிளீட்டுகளை மறுபடி முடுக்க வேண்டும். இந்த ஒரு வேலையைத் தவிர்ப்பவர்கள் நிறைய. எண்ணெயை வேக்குவத்தில் நிரப்பி, காகிதம் ஊறுவதற்கு அவகாசமும் கொடுக்க வேண்டும். நிரப்பிய கையோடு சப்ளை கொடு என்று தொழிற்சாலை மேலாளர் குதித்தாலும் கொடுக்கக் கூடாது.

ஜோகன்னஸ்பர்க்கில் வேலை பார்க்கும் நண்பர்களுக்கு இந்த ஈரத் தொல்லை குறைவு, ஆனால் உயரத் தொல்லை உண்டு. அந்த நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல் இருக்கிறது. 1,000 மீட்டரைத் தாண்டினால் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் வெளிக்காற்று இடைவெளியை 1 சதவீதம் கூட்டச் சொல்கிறது ஐஇசி என்ற பன்னாட்டு மின்துறை அமைப்பின் தரம். தொட்டிக்கு வெளியே புஷ்ஷிங் இடைவெளிகளுக்கு இது முக்கியம், உள்ளே எண்ணெயில் இருக்கும் லீடுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. போதாக்குறைக்கு அந்தப் பீடபூமியில் இடிமின்னல் அதிகம். 11 கே.வி. டிரான்ஸ்பார்மர் 95 கே.வி. மின்னல் துடிப்பைத் தாங்க வேண்டும் என்று இங்கே கேட்பது வெறும் பேச்சுக்கல்ல.

பழுது முடிந்ததும் காப்பின் மின்தடையை அளக்கும் மெக்கர் வைத்து 2,000 மெகா ஓம் என்று காட்டினால் வாடிக்கையாளர் சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுகிறார். காகிதத்துக்குள் மாட்டிய குமிழியை மெக்கர் காட்டாது. எனவே மின்னழுத்தச் சோதனை கேளுங்கள். புது 11 கே.வி. சுருளுக்கு 28 கே.வி., 22 கே.வி.க்கு 50 கே.வி., ஒரு நிமிடம். பழைய சுருளை அப்படியே வைத்திருந்தால் அதில் 80 சதவீதம். சுருளின் மின்தடை அளவையும் வாங்கி வையுங்கள், மோசமான பிரேசிங் அதில் தெரியும். எண்ணெயை 2.5 மி.மீ. இடைவெளியில் ஆறு முறை சோதித்துச் சராசரி எடுப்பார்கள். ஓடிக்கொண்டிருக்கும் 11 கே.வி. டிரான்ஸ்பார்மரில் அது 30 கே.வி.க்குக் கீழே போனால் உடனே ஏதாவது செய்தாக வேண்டும். பெரிய டிரான்ஸ்பார்மர் என்றால் எண்ணெயில் கரைந்த வாயுக்களையும் பார்க்கச் சொல்லுங்கள். ஹைட்ரஜன் மட்டும் ஏறிக்கொண்டே போனால் குமிழிப் பொறி என்று சந்தேகிக்கலாம், அசிட்டிலீன் தலைகாட்டினால் பொறி பெரிதாகிவிட்டது. கார்பன் மோனாக்சைடு கூடினால் காகிதமே வேகத் தொடங்கியிருக்கலாம்.

2022, 2023-இல் லோட் ஷெட்டிங், அதாவது முறைவைத்த மின்வெட்டு, ஆறாம் நிலைக்குப் போன நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டோம். கரண்ட் வந்த நொடியில் ஊரிலுள்ள கீசர், ஃபிரிட்ஜ் எல்லாம் ஒன்றாக இழுக்கும். அதற்கு முன்னால் டிரான்ஸ்பார்மரே விழித்தெழும்போது சில நொடிப்பொழுது தன் வழக்கமான மின்னோட்டத்தைப்போலப் பல மடங்கு இழுக்கும். மின்னோட்டம் இரட்டித்தால் லீடுகளைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். கிளீட் தளர்ந்திருந்தால் லீட் ஆடும், ஆடினால் காகிதம் கிளீட் விளிம்பில் தேயும். தினம் இரண்டு மூன்று தடவை அப்படி.

பட்டறைக்குச் சம்பந்தமில்லாதவர்களுக்கும் ஒரு விஷயம். லீட் தொட்டியின் மேல்பகுதியில் ஓடுகிறது. எண்ணெய் கசிந்து மட்டம் இறங்கினால், காயிலுக்கு முன்னால் எண்ணெயை இழப்பது லீட்தான். எண்ணெய்க்குள் இருக்க வேண்டிய இடைவெளி காற்றுக்கு வந்துவிட்டால் அது போதவே போதாது. செம்பு திருடுகிறவர்கள் எண்ணெயை வடித்துவிட்டுப் பாதியில் ஓடிப்போன டிரான்ஸ்பார்மருக்கும் இதே கதி. தெருவோர மினிசப்பின் (டிரான்ஸ்பார்மர் இருக்கும் பெட்டியின்) அடியில் எண்ணெய்க் கறை தெரிந்தால், கதவு திறந்து கிடந்தால், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். நாமே கதவைச் சாத்தப் போவதும் வேண்டாம். நகராட்சி மின்துறைக்குப் போன் செய்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.

2022 ஏப்ரல் வெள்ளம் போல இன்னொன்று வந்து உங்கள் டிரான்ஸ்பார்மரில் தண்ணீர் ஏறினால், வெளியே துடைத்துவிட்டு சுவிட்ச் போடாதீர்கள். தொட்டிக்குக் காற்று போய்வரும் பிரீத்தர் வழியாக உள்ளே போன தண்ணீர் காகிதத்தைத்தான் தேடிப் போகும். எண்ணெய் மாதிரி எடுத்துச் சோதித்த பிறகுதான் மற்றதெல்லாம்.

மிகப் பழைய டிரான்ஸ்பார்மர், 1980-களுக்கு முந்தையது என்றால், பிசிபி என்ற நச்சு வேதிப்பொருள் எண்ணெயில் கலந்திருக்கலாம். அப்படிப்பட்ட கருவிகளின் பயன்பாட்டை நிறுத்த 2025-ஐயும், கழிவை முறையாக ஒழித்துக்கட்ட முயல்வதற்கு 2028-ஐயும் கெடுவாக வைத்தது ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை. எனவே லீடைப் பார்க்கலாம் என்று மூடியில் ஸ்பேனர் வைப்பதற்கு முன்பே ஒரு சிறு பாட்டில் எண்ணெயை ஆய்வகத்துக்கு அனுப்பி, 50 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 50 பங்குக்கு) கீழே என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாள் இல்லாமல் வரும் பழைய டிரான்ஸ்பார்மரை நாங்கள் லாரியிலிருந்து இறக்குவதே இல்லை.