உங்கள் இன்வெர்ட்டர் தேறியிருக்கலாம். உங்கள் தெரு தேறியதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வீட்டுச் சோலார் அமைப்புகளைச் சோதித்துப் பார்ப்பது என் தொழில். 2023-இல் லோட் ஷெட்டிங் என்ற முறைவைத்த மின்வெட்டு ஆறாம் கட்டம் வரை போனபோது சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் கூரைக்குக் கூரை பேனல் ஏறியது. அதில் தவறே இல்லை. எத்தனை நாள்தான் இருட்டில் சமைப்பது?

“சான்றிதழ்தான் இருக்கிறதே தம்பி, இன்னும் என்ன சோதனை?” என்று சாட்ஸ்வர்த்தில் ஓர் அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. பேனலின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் அவருடைய இன்வெர்ட்டர் நல்ல பொருள்தான். சிக்கல், பக்கத்து வீடுகளில் வேறு வேறு கம்பெனிகளின் இன்வெர்ட்டர்கள் ஓடுவதில் இருக்கிறது.

ஊர் மின்சாரம் நின்றால் இன்வெர்ட்டர் 2 வினாடிக்குள் வெளிக்கம்பியிலிருந்து விலக வேண்டும். விலகாவிட்டால், மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பியைத் தொடும் லைன்மேனின் உயிருக்கு ஆபத்து. ஆய்வகத்தில் இதை மிகக் கடினமான நிலையில் வைத்தே சோதிப்பார்கள். மின்தடை, சுருள், மின்தேக்கி மூன்றையும் 50 ஹெர்ட்ஸில் ஒத்திசையும் சுமையாக அமைத்து, இன்வெர்ட்டர் தருவதும் சுமை இழுப்பதும் சரிசமமானதும் ஊர் இணைப்பைத் துண்டிப்பார்கள். வோல்டேஜும் அதிர்வெண்ணும் அசையாது. ஊர் மின்சாரம் இன்னும் இருக்கிறது என்று இன்வெர்ட்டர் ஏமாறிப்போக எல்லா வாய்ப்பும் உண்டு. அதனால்தான் பல இன்வெர்ட்டர்கள் அதிர்வெண்ணைத் தாமே லேசாகத் தள்ளிப் பார்க்கின்றன. ஊர் மின்சாரம் இருந்தால் அது நகராது, இல்லையென்றால் நழுவும்.

ஒரே டிரான்ஸ்ஃபார்மரின் கீழ் பல இன்வெர்ட்டர்கள் இருந்து, ஒன்று மேலே தள்ள மற்றொன்று கீழே தள்ளினால்? ஒன்றின் முயற்சியை மற்றொன்று அழித்துவிடலாம்; விலகுவது தாமதமாகலாம். தனித்தனியாகத் தேறியவை கூட்டத்தில் தடுமாறும் இடம் இதுதான்.

இதைத் தெருவில் சோதிக்க முடியாது. தெருவின் மின்வலையைக் கணினியில் நிகழ்நேரத்தில் இயங்கும் மாதிரியாக்கி, உண்மையான இன்வெர்ட்டரை ஆம்ப்ளிஃபையர் வழியாக அதனுடன் இணைக்கும் ஆய்வகங்கள் இருக்கின்றன. மின்வெட்டு முடிந்ததும் எல்லா வீட்டு பேட்டரியும் கீசரும் ஒன்றாக மின்சாரம் இழுக்கும் அந்தக் கணத்தை, யார் வீட்டு ஃப்ரிட்ஜும் பழுதாகாமல், திரும்பத் திரும்ப நடத்திப் பார்க்கலாம்.

இரண்டு வேன் வைத்துத் தொழில் செய்பவரால் அத்தகைய கருவிகளை வாங்க முடியாது. ஐரோப்பாவில் 2015-இல் தொடங்கிய எரிகிரிட் (ERIGrid) என்ற மின்வலை ஆய்வுத் திட்டம் பல நாட்டு ஆய்வகங்களை வெளியாருக்குத் திறந்துவிட்டது. தேர்வான குழுக்கள் கட்டணமின்றிச் சோதித்தன. ஓர் ஆய்வகத்தில் செய்ததை மற்றொன்றில் அப்படியே செய்து பார்க்கும்படி சோதனையை எழுதிவைக்கும் பொது முறையையும் வகுத்தார்கள். என்னைக் கேட்டால், கருவியைவிட அதுதான் பெரிய சொத்து. நம் மாநகராட்சியும் பல்கலைக்கழகங்களும் கூடி, சிறு நிறுவனங்களும் நுழையக்கூடிய ஒரு பொது ஆய்வகத்தை இங்கே அமைக்க வேண்டும். தோற்ற சோதனைகளின் முடிவும் வெளிவர வேண்டும்.

அதுவரை வீட்டுக்காரர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீட்டு இன்வெர்ட்டரை ஊர் மின்வலையுடன் இணைப்பதற்கான தென்னாப்பிரிக்க விதியான என்.ஆர்.எஸ். 097-2-1-இன் சோதனைச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள மாடல் எண்ணை இன்வெர்ட்டரில் ஒட்டியிருப்பதோடு ஒப்பிடுங்கள். பிறகு இன்வெர்ட்டர் திரையில், எந்த நாட்டு விதிப்படி அது ஓடுகிறது என்று காட்டும் நாட்டு அமைப்பைத் திறந்து பாருங்கள். நான் போன வீடுகளில் அது வேறு நாட்டில் நின்றதைக் கண்டிருக்கிறேன். அப்படி இருந்தால் அந்தச் சான்றிதழ் அந்த வீட்டுக்குப் பொருந்தாது. மென்பொருள் பதிப்பு எண்ணையும் படம் எடுத்து வையுங்கள். மென்பொருளைப் புதுப்பித்தால் நாட்டு அமைப்பையும் பதிப்பு எண்ணையும் மறுபடி சரிபார்க்கச் சொல்லி, பொருத்தியவரையே அழையுங்கள்.