கிரிட்டிக்கல்: ஆஸ்பத்திரியிலிருந்து கலைக்கல்லூரி வரை ஒரு சொல்

அண்ணன் மகள் சென்னையில் ஓவியத்தில் முதுகலை படிக்கிறாள். விடுமுறைக்கு மதுரை வந்தவள், அடுத்த பருவத்தில் 'கிரிட்டிக்கல் இஷ்யூஸ் இன் கண்டெம்பரரி ஆர்ட்' என்று ஒரு தாள் இருக்கிறது என்றாள். திண்ணையில் அரைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் அம்மா கையை நிறுத்திவிட்டு, "யாருக்குத்தா கிரிட்டிக்கல்? எந்த ஆஸ்பத்திரியில?" என்று பதறினார்.

அம்மா கேட்டதில் தவறில்லை. இந்தச் சொல் நம் ஊரில் அதிகம் புழங்குவது தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில்தான். ஆஸ்பத்திரிப் பொருளுக்கும் கலைப் படிப்பின் பொருளுக்கும் வேர் ஒன்றே. கிரேக்கத்தில் 'கிரினெயின்' என்றால் பிரித்தெடுத்தல், தீர்ப்புச் சொல்லுதல். அதிலிருந்து பிறந்த 'கிரிசிஸ்' என்ற சொல்லைப் பண்டைக் கிரேக்க மருத்துவர்கள், நோய் முற்றி, பிழைப்பாரா மாட்டாரா என்று தெரியவரும் கட்டத்துக்கு வைத்துக்கொண்டார்கள். அதே வேரில் வந்த 'கிரிட்டிகோஸ்', தரம் பிரித்தறியத் தெரிந்தவர். லத்தீனில் சல்லடைக்குப் பெயரான 'கிரிப்ரும்' இவற்றுக்கு உறவு. ஆக, அடியில் கிடப்பது நம் சொளகும் சல்லடையும் செய்கிற வேலைதான்.

கலைப் படிப்புக்குள் இந்தச் சொல் வந்தது தத்துவத்தின் வழியாக. 1781இல் ஜெர்மன் தத்துவ அறிஞர் இம்மானுவேல் காண்ட் தன் நூலின் தலைப்பில் 'கிரிட்டிக்' என்ற சொல்லை வைத்தபோது, அறிவைக் குறை சொல்ல அவர் வரவில்லை. அறிவு எதுவரை போகும், அதன் எல்லை எங்கே என்று சோதித்தார். 1937இல் இன்னொரு ஜெர்மன் சிந்தனையாளரான மாக்ஸ் ஹோர்க்ஹைமர், உலகை இருக்கிறபடி விவரிக்கும் கோட்பாடு ஒன்று, அது ஏன் இப்படி இருக்கிறது, மாற வேண்டாமா என்று கேட்கும் கோட்பாடு இன்னொன்று எனப் பிரித்து, இரண்டாவதை 'கிரிட்டிக்கல்' என்றார். முதுகலைத் தாளில் இருப்பது இந்தப் பொருள். படம் அழகாக இருக்கிறதா என்பதோடு நிற்காமல், இதைக் கலை என்று முடிவு செய்தது யார், யார் பணத்தில் தொங்குகிறது, யாரை வெளியே நிறுத்தியது என்றும் கேட்பது.

நம் பக்கத்து உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். மதுரையைச் சுற்றிய ஊர்களில் ஐயனாருக்குப் புரவி எடுக்கிறார்கள். மண்பாண்டம் வனையும் வேளார் செய்த மண்குதிரை ஊர்வலமாகப் போய் கோயிலில் நேர்த்திக்கடனாக நிற்கும். வெயிலிலும் மழையிலும் உடைந்து மண்ணோடு சேரும். அதைக் காப்பாற்ற வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை. அடுத்த எடுப்புக்குப் புதுக்குதிரை வரும். அதே குதிரையை நகரத்துக் காட்சிக்கூடத்தில் 'தொடாதீர்கள்' பலகையோடு நிறுத்தினால் அது அதே குதிரைதானா? பக்கத்துச் சுவரில் உள்ள எண்ணெய் ஓவியத்தின் கீழே ஓவியர் பெயர் இருக்கும்போது, குதிரையின் கீழே 'சுடுமண், தமிழ்நாடு' என்று மட்டும் எழுதினால் போதுமா?

இதே கேள்விதான் 1989இல் பாரிஸில் வெடித்தது. 'பூமியின் மந்திரவாதிகள்' என்று பொருள்படும் பெயரில் ழான்-உபேர் மார்த்தேன் நடத்திய கண்காட்சியில் நூற்றுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் பங்கேற்றார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் மேற்குலகுக்கு வெளியே இருந்து வந்தவர்கள். மகாராஷ்டிரத்துப் பழங்குடிக் கலையான வார்லி ஓவியம் வரையும் ஜிவ்யா சோமா மாஷேயும் அதில் இருந்தார். எல்லோரையும் பெயர் சொல்லிச் சமமாக நிறுத்தியது பெரிய காரியம். ஆனால் மற்ற நாட்டவரைச் சடங்கும் மந்திரமுமாகவே பார்த்தார்கள் என்ற கண்டனமும் எழுந்தது. இரண்டையும் சேர்த்துப் பேசத்தான் இந்தத் தாள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'முக்கியமான' என்றால் சொல்லின் உயிர் போய்விடுகிறது. 'நெருக்கடியான' என்றால் மறுபடி ஆஸ்பத்திரிக்கே போய்விடுவோம். 'விமர்சனம்' சமஸ்கிருதத்தில் ஆழ்ந்து எண்ணுதல். நம் நாளிதழ்களிலோ அது சினிமாவுக்கு மார்க் போடுவதும் அரசியல்வாதி குறை சொல்வதுமாகச் சுருங்கிவிட்டது. இலக்கியத் துறைகள் வழங்கும் 'திறனாய்வு' நல்ல சொல். ஆனாலும் படைப்பின் திறனோடு அது நின்றுவிடுகிறது. படைப்பை மாட்டிய சுவரையும் அது பார்க்குமா என்பது என் தயக்கம்.

எனக்கு அதன் பின்பாதியே பிடித்திருக்கிறது. ஆய்தல். ஆய்வு என்றதும் இன்று முனைவர் பட்டம் நினைவுக்கு வருகிறது. அம்மாவுக்கு அது கீரை: பழுத்த இலை, புல், பூச்சி அரித்த தண்டு என்று ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பிரிப்பது. அவசரப்பட்டால் மண் வாயில் கடிபடும். தொல்காப்பியம் ஆய்தலை 'உள்ளதன் நுணுக்கம்' என்கிறது. ஏற்கெனவே இருப்பதை இன்னும் நுட்பமாக்குவது. கிரேக்க வேர் சொல்ல வந்ததற்கு இதைவிட நெருங்கிய சொல் எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் 'இஷ்யூஸ்'. பிரச்சினை என்றே எழுதலாம் என்றாள் அண்ணன் மகள். அந்தச் சொல்லின் மூலமான 'ப்ரச்ன' சமஸ்கிருதத்தில் வெறும் கேள்விதான். தொல்லை என்ற பொருள் பிறகு ஏறியது. அதனால் நேராகக் 'கேள்விகள்' என்றே வைத்தோம். நோட்டின் முதல் பக்கத்தில் 'சமகாலக் கலை: ஆய்நோக்கும் கேள்விகளும்' என்று எழுதினாள். அதன் கீழே முதல் கேள்வி: குதிரையைச் செய்த வேளார் பெயர் என்ன?