ஊர் திரும்பிய பிறகும் ஏன் அந்த மாத்திரை?

உகாண்டாவில் மூன்று வாரம் வேலையை முடித்துவிட்டுச் சென்னைக்கு வந்தவர் பெட்டியைப் பிரிக்கிறார். பக்கத்துப் பையில் மலேரியா வராமல் தடுக்கக் கொடுத்த டாக்ஸிசைக்ளின் அட்டைகள், பாதி மாத்திரை அப்படியே இருக்கிறது. "அதான் வந்தாச்சே, இனி எதுக்கு?" என்று மேஜை டிராயரில் போட்டுவிடுகிறார். மலேரியா விஷயத்தில் எனக்கு ரொம்பக் கவலை தருவது இந்த இடம்தான்.

கொசு கடித்ததும் கிருமி நேராக ரத்த அணுக்களைத் தாக்குவதில்லை. முதலில் கல்லீரலுக்குப் போய்ப் பதுங்கிக்கொள்ளும். ஆப்பிரிக்காவில் அதிக உயிர்களைப் பறிக்கும் ஃபால்சிபாரம் வகை, அங்கே ஏறத்தாழ ஒரு வாரம் சத்தமில்லாமல் பெருகும். ஒரு செல்லுக்குள் போவது ஒன்றே ஒன்று. வெளியே வருவது பல்லாயிரம். அதுவரை காய்ச்சல் இருக்காது, ரத்தப் பரிசோதனையிலும் எதுவும் தெரியாது. அப்புறம்தான் சிவப்பணுக்களுக்குள் புகுந்து ஆளைக் கீழே தள்ளும்.

டாக்ஸிசைக்ளின், மெஃப்ளோகுயின் என்ற இன்னொரு தடுப்பு மாத்திரை இரண்டும் பிடிப்பது ரத்தத்துக்கு வந்த கிருமியைத்தான். கல்லீரலில் இருப்பதை ஒழிக்க அவற்றை நம்ப முடியாது. விமானம் ஏறுவதற்கு முந்தைய இரவு கடித்த கொசுவின் கிருமி, நீங்கள் வீட்டில் ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் ரத்தத்துக்கே வரும். அந்த நேரத்தில் அங்கே மருந்து இருக்க வேண்டும். அதனால்தான் திரும்பிய பிறகும் 4 வாரம் போட வேண்டும். அடோவாகுவோன்-புரோகுவானில் என்ற கூட்டு மாத்திரை கல்லீரலிலேயே கிருமியை அடிப்பதால் அதற்கு 7 நாள் போதும். கர்ப்பிணிகள், குழந்தைகள், வலிப்பு உள்ளவர்கள் என்று ஆளுக்கேற்ப மருந்து மாறும். யாருக்கு எது என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

டாக்ஸிசைக்ளினை ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி நேரமாவது படுக்காமல் இருங்கள். உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாகிவிடும். இதனால் வரும் நெஞ்செரிச்சலால் பாதியில் நிறுத்துபவர்களும் உண்டு.

சரி, எல்லா மாத்திரையையும் ஒழுங்காகப் போட்டாயிற்று என்றால் கவலையே வேண்டாமா? அப்படியும் இல்லை. எந்த மாத்திரையும் நூற்றுக்கு நூறு காக்காது. அங்கே இருக்கும்வரை கொசுவலையும் முழுக்கைச் சட்டையும் வேண்டும். வைவாக்ஸ் என்ற இன்னொரு வகையோ, கல்லீரலில் மாதக்கணக்கில் தூங்கிவிட்டு எழும். இந்த மாத்திரைகள் அதைத் தொடுவதில்லை. ஆகவே, திரும்பிய ஓராண்டுக்குள் எப்போது காய்ச்சல் வந்தாலும், மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியது "நான் ஆப்பிரிக்கா போய் வந்தேன்" என்பதைத்தான். அன்றே ரத்தத்தைப் பார்க்க வேண்டும். முதல் முறை கிருமி தென்படவில்லை என்றாலும், 12 முதல் 24 மணி நேரம் கழித்து மறுபடியும் பார்க்கச் சொல்லுங்கள்.